சிறுபெயரியல்

பாயிரம்

யூதாவை 55 ஆண்டுகள் ஆண்ட மனாசே அரசன் ஒரு கேள்வி கேட்டான் என்று தால்மூது சொல்கிறது. எழுதுவதற்கு மோசேக்கு வேறு விஷயமே அகப்படவில்லையா, லோத்தானுக்குத் திம்னாள் என்று ஒரு சகோதரி இருந்ததை எல்லாமா எழுதி வைப்பது என்று. கேலிதான். மனாசேயும் நல்லவன் அல்லன். ஆலயத்துக்குள்ளேயே விக்கிரகத்தைக் கொண்டுவந்து நிறுத்தியவன். ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆதியாகமம் 36-ஆம் அதிகாரத்தைத் தூங்காமல் வாசித்தவர் எல்லாருக்கும் மனதில் எழுவதுதான். அவன் அரசன் ஆதலால் வாய்விட்டுக் கேட்டான்.

அவனுக்கு முறையாக விடை சொல்ல ஓர் இலக்கணம் இல்லாத குறையைத் தீர்க்க எழுந்தது இந்நூல். பெயர், சிறுபெயரியல். எல்லை, மேலே ஆதாம், கீழே மரியாளின் புருஷனாகிய யோசேப்பு. கேட்போர், மாலைக் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாக வாசித்து வருகையில், விரல்விட்டு எண்ணித் தன் முறைக்கு அர்பக்சாத் வரப்போகிறான் என்று கண்டுகொண்டு தண்ணீர் குடிக்க எழுந்து போகும் பிள்ளைகள். ஒரே ஆண்டில் வேதாகமத்தை முடித்துவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்டு, ஒன்று நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் சக்கரம் புதைந்து நின்ற பெரியவர்கள். பயன் இன்னதென்று முன்கூட்டியே சொன்னால் வாசிப்போர் தொகை குறையும். ஆதலின் சொல்லவில்லை.

அற்றேல், வம்ச வரலாறுகளில் தலையிட வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு ஒருமுறையும் தீத்துவுக்கு ஒருமுறையும் எழுதியிருக்கிறாரே என்பார்க்கு விடை: தீமோத்தேயுவுக்கு அவர் விலக்கியது முடிவில்லாத வரலாறுகளை. இந்நூல் சில பக்கங்களில் முடிந்துவிடும். தீத்துவுக்கு எழுதியது கிரேத்தா தீவில் இருப்போருக்கு.

சிறுபெயராவது யாது

வாழ்ந்தனன் பெற்றனன் மாய்ந்தனன் என்னும்
வினையொரு மூன்றின் மேற்செல வறியாது
நிற்பது சிறுபெயர் என்மனார் புலவர்.

அந்தப் புலவர் யார் என்று கேட்கக் கூடாது. நூற்பா என்றால் அப்படித்தான் முடியும்.

ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் சேத்தின் வழிவந்தோர் இத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள், இன்னாரைப் பெற்றார்கள், இறந்தார்கள். மூன்று வினை. பதினோராம் அதிகாரத்துச் சேமின் சந்ததியில், தேராகு வருமட்டும், இறந்ததாக யாரையும் எழுதவில்லை. வாழ்ந்தார்கள், பெற்றார்கள், இரண்டு வினை. (இருவினை என்றதும் சைவ சித்தாந்தப் பக்கம் போய்விட வேண்டாம்.) ஒன்று நாளாகமம் தொடங்கும்போதோ அந்த இரண்டும் இல்லை. ஆதாம், சேத், ஏனோஸ் என்று வெறும் பெயர்கள் வருகைப் பதிவேடு போல வரிசையாக நிற்கின்றன. ஆக, முவ்வினைப் பெயர், இருவினைப் பெயர், வினையிலிப் பெயர் என மூன்று படிநிலை. நூலாசிரியர் அவசரப்பட அவசரப்பட, வாழ்ந்தவர்களுக்கு வினை குறைகிறது.

ஆயுள் நீளத்தால் ஒருவர் பெரும்பெயர் ஆவதில்லை என்பதும் இங்கே கொள்ளப்படும். மெத்தூசலா 969 ஆண்டு இருந்தான், உலகம் அறியும். அவன் தாத்தா யாரேத் 962 ஆண்டு இருந்தான். ஏழே ஆண்டு குறைவு. யாரேத்தைத் தெரியுமா என்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். இருவருக்கும் இடையில் பிறந்த ஏனோக்கு 365 ஆண்டுதான் இருந்தான், அந்தக் குடும்பத்தில் அது அற்பாயுசு. ஆனால் தேவனோடு நடந்தான் என்ற நான்காம் வினை ஒன்று அவனுக்கு மட்டும் கிடைத்துவிட்டது. அவன் பெயரில் தனிப் புத்தகமே எழுந்தது.

வகை

தாங்குநர் ஊரினர் குறிப்பினர் உடன்பிறந்து
ஆங்குறு மகளிர் பிழையினர் ஒழிந்தோர்
என்றிவர் எழுவகைப் படுமே சிறுபெயர்.

எண்ணிப் பார்த்தவர் ஆறுதானே வருகிறது என்பர். முன்னோர் வழக்கு உண்டு என்க. மத்தேயு முப்பத்தைந்து பெயருக்கு மேல் எழுதிவிட்டு, தலைக்குப் பதினாலாக மூன்று கூறு என்று கணக்குச் சொல்கிறார். பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகான மூன்றாம் கூற்றில் எண்ணினால் பதின்மூன்று பேரே தேறுகிறார்கள். எகிப்துக்குப் போன யாக்கோபின் குடும்பத்தில் லேயாளின் வழியினர் 33 பேர் என்று ஆதியாகமம் 46 கூட்டுகிறது. ஏரையும் ஓனானையும் கானானிலேயே இறந்தவர்களாகக் கழித்து எண்ணினால் 32. குறைந்த அந்த ஒருவர் லேவியின் மகள் யோகெபேத், எல்லையில் நுழையும்போது மதிலுக்கு இடையில் பிறந்தாள் என்று ரபிமார் நிரப்பினார்கள். நம் ஏழாம் வகையையும் யாராவது எல்லையில் பெற்றெடுத்துக் கொள்ளட்டும்.

இனி ஒவ்வொன்றாக.

தாங்குபெயராவது, மேலே வேறொருவருடைய உரிமை ஏறி நிற்க, தான் கீழே சுமந்து கிடப்பது. மத்தேயுவில் செரொபாபேலுக்கும் யோசேப்புக்கும் நடுவே ஒன்பது பேர்: அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக், ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு. இவர்களைப் பற்றி வேதாகமத்தில் வேறெங்கும் ஒரு சொல் இல்லை. செரொபாபேலின் பிள்ளைகளை ஒன்று நாளாகமம் பெயர் பெயராகச் சொல்கிறது. அதிலும் அபியூத் இல்லை. கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டு அரசுரிமை இந்த ஒன்பது தோள்களின் வழியாகக் கைமாறி வருகிறது, அரியணையே இல்லாத காலத்தில். ஆசோர் தச்சனா, மேய்ப்பனா, வட்டிக்கு விட்டவனா, நமக்குத் தெரியாது. மணந்தான், மகன் பிறந்தான். அந்த மகன் பிறக்காமல் போயிருந்தால் தாவீதின் குமாரன் என்ற பட்டம் ஆசோர் வீட்டுத் திண்ணையோடு நின்றிருக்கும்.

தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி முடிந்த முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பிரித்த தமிழர் கண்ணில் முதலில் பட்டவர்களும் இந்த ஆசோர், ஆகீம் கூட்டத்தார்தாம். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்த பிறகே தண்ணீர்ச் செம்பை நீட்டும் நாட்டில் அது மோசமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. ஐரோப்பாவில்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள்.

சிக்கல் லூக்காவில் வருகிறது. அவர் பட்டியலில் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு அல்ல, ஏலி. மூன்றாம் நூற்றாண்டில் யூலியுஸ் அப்பிரிக்கானுஸ் என்பவர் ஒரு தீர்வு சொன்னார், திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியுஸ் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார். எஸ்தா என்று ஒருத்தி. மாத்தானை மணந்து யாக்கோபைப் பெற்றாள். அவன் இறந்தபின் மெல்கியை மணந்து ஏலியைப் பெற்றாள். ஏலி பிள்ளையில்லாமல் இறக்க, சகோதரன் மனைவியை மணக்கும் நியாயப்பிரமாணப்படி யாக்கோபு அவன் விதவையை மணந்து யோசேப்பைப் பெற்றான். இரத்தத்தால் யாக்கோபின் மகன், சட்டத்தால் ஏலியின் மகன். (லூக்காவில் மெல்கிக்கும் ஏலிக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் நிற்பதை அப்பிரிக்கானுஸ் கண்டுகொள்ளவில்லை.) இரு சுவிசேஷங்களையும் ஒரே வீட்டில் குடிவைத்த அந்த எஸ்தாவின் பெயர் இரண்டு பட்டியலிலும் கிடையாது.

தாங்குபெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்றா இரண்டாம் அதிகாரம் எடுத்துக்காட்டு. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பினவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். அபாயாவின் குடும்பம், கோஸின் குடும்பம், பர்சிலாவின் குடும்பம், மூவரும் தாங்கள் ஆசாரியர் என்கிறார்கள். அட்டவணையைத் தேடுகிறார்கள், பெயர் அகப்படவில்லை. அவ்வளவுதான், ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளப்பட்டார்கள். ஊரீம் தும்மீம் உள்ள ஓர் ஆசாரியன் எழும்பித் தீர்ப்புச் சொல்லும்வரை மகா பரிசுத்தமானதைச் சாப்பிடக் கூடாது என்று ஆளுநர் ஆணை. பர்சிலா வீட்டார் கதி மிகவும் பரிதாபம். அவர்களுடைய பாட்டன் ஒருவன் கீலேயாத்தின் பெரிய மனிதர் பர்சிலாவின் மகள்களில் ஒருத்தியைக் கட்டி, மாமனார் வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டான். அந்த நாளில் அது கௌரவமாக இருந்திருக்கும். அவன் பெயரை எடுத்துக்கொண்ட தேதியிலிருந்து அவன் சந்ததி அட்டவணைக்கு வெளியே.

இதே பட்டியலில், எந்தத் தகப்பன் வீட்டார் என்று சொல்ல இயலாமற்போன பொதுஜனங்களும் உண்டு. எஸ்றாவில் அவர்கள் 652 பேர். நெகேமியா அதே பட்டியலைத் திரும்பத் தரும்போது 642. பத்துப் பேருக்கு நடுவில் எங்கோ சான்று கிடைத்துவிட்டது என்று நல்லபடியாக நினைத்துக்கொள்வோம்.

ஆகவே மனாசேக்கு முதல் விடை: இது காவியம் அல்ல, பதிவேடு. காணிக்கை பெறும் உரிமையும் நிலமும் பெண் கொடுக்கல் வாங்கலும் இதன் மேல் நின்றன. வரலாற்றாசிரியர் யோசேபுஸ் தன் சரித்திரத்தைத் தொடங்கும்போதே, பொதுப் பதிவேடுகளில் கண்டபடி என் வம்சத்தைத் தருகிறேன் என்கிறார். திக்குவாயன் என்று பட்டப்பெயர் பெற்ற சீமோனிலிருந்து அது தொடங்குகிறது. பட்டப்பெயரை மறைக்கவில்லை, ஏனெனில் திக்கினாலும் ஆசாரியன் ஆசாரியன்தான். ஏரோது அரசன் அந்தப் பதிவேடுகளை எரித்தான், அதில் தன் குடும்பம் இல்லாததால் ஒருவர் குடும்பமும் இருக்க வேண்டாம் என்று நினைத்தான் என்றும் அப்பிரிக்கானுஸ் எழுதுகிறார். எரிக்கத் தோன்றும் அளவுக்கு மதிப்புள்ள காகிதம் அது.

இரண்டாவது, ஊராகுபெயர். இடத்தின் பெயர் அங்குள்ளாருக்கு ஆகி வருவது இடவாகுபெயர் என்று பள்ளியில் படித்திருப்போம். இங்கே ஊரே ஆளாகிப் பிள்ளை பெறும். சோபால் கீரியாத்யாரீமுக்குத் தகப்பன், சல்மா பெத்லகேமுக்குத் தகப்பன் என்று ஒன்று நாளாகமம் எழுதுவதை ஆள் கணக்கில் வாசித்தால் தலை சுற்றும். நிலப்படமாக வாசித்தால் தெளிந்துவிடும். யொக்தானின் பதின்மூன்று பிள்ளைகளில் அசர்மாவேத் என்பவன் யாரென்றால், இன்றும் யேமனில் இருக்கும் ஹத்ரமவுத் பள்ளத்தாக்கு. அவன் தம்பி ஓப்பீர், சாலொமோனின் கப்பல்கள் தேடிப்போன பொன் விளையும் துறை.

இவ்வகைக்கு மண்ணுக்குள்ளிருந்தே சாட்சி வந்தது. 1910-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ரைஸ்னர் சமாரியாவைத் தோண்டியபோது, மையால் எழுதிய பானையோடுகள் கிடைத்தன. கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்ன ஊரிலிருந்து இன்னாருக்கு ஒரு ஜாடி பழைய திராட்சரசம், ஒரு ஜாடி எண்ணெய் என்று சரக்கு வரவுக் குறிப்பு. அவற்றில் வரும் வட்டாரப் பெயர்கள்: அபியேசேர், ஏலேக்கு, அஸ்ரியேல், சேகேம், செமீதா. எண்ணாகமமும் யோசுவாவும் மனாசே கோத்திரத்துப் பிள்ளைகளாகச் சொல்லும் அதே ஆட்கள். அவர்களோடு இன்னும் இரண்டு பெயர்கள், நோவா, ஒக்லா. செலொப்பியாத்தின் ஐந்து மகள்களில் இரண்டு பேர்! அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் பங்கு ஏன் போக வேண்டும் என்று மோசேக்கும் சகல பிரபுக்களுக்கும் எதிரே போய் நின்று வழக்காடி வென்ற பெண்கள் அவர்கள். வென்றதை எண்ணாகமம் 27 சொல்கிறது. பெரிய தகப்பன், சிற்றப்பன் மக்களையே கட்டிக்கொண்டு சொத்தைக் கோத்திரத்துக்குள் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னாலேயே 36-இல் வந்துவிடுகிறது. வென்ற நிலம் கடைசியில் அவர்கள் பெயராலேயே அழைக்கப்பட்டு, வரி கட்டிக்கொண்டிருந்தது என்பதைப் பானையோடு சொல்கிறது.

மூன்றாவது, குறிப்புப்பெயர். ஓடிக்கொண்டிருக்கும் பட்டியல் ஓரிடத்தில் மூச்சு வாங்கி, ஓர் ஆளைப் பற்றி ஒரேயொரு செய்தி சொல்லிவிட்டு மறுபடி ஓடும். பேலேகின் நாட்களில் பூமி பகுக்கப்பட்டது என்பது போல. எப்படிப் பகுக்கப்பட்டது, யார் பகுத்தது? பட்டியல் அதற்குள் அடுத்த தலைமுறையில் இருக்கும்.

ஏதோமியர் அட்டவணையில் ஆனாகு என்று ஒருவன், அப்பா சிபியோனின் கழுதைகளை வனாந்தரத்தில் மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தான். தமிழ் வேதாகமத்தின்படி கோவேறு கழுதை. எரோனிமுவின் இலத்தீன்படி வெந்நீர் ஊற்று. கோவேறு கழுதை என்றால் குதிரையையும் கழுதையையும் முதன்முதலில் கலந்தவன் இவன் என்று தால்மூது அவனைக் குறைசொல்கிறது. மூவாயிரம் ஆண்டு நினைவில் நிற்க ஒருவனுக்குக் கழுதை மேய்க்கப் போனதே போதுமாயிருந்தது.

எப்பிராயீமின் மகள் சேராள் இந்த வகையில் எனக்குப் பிடித்தவள். மேல் பெத்தொரோன், கீழ் பெத்தொரோன், ஊசேன்சேரா என்று மூன்று ஊர் கட்டினாள், ஒரே வசனம். கடற்கரைச் சமவெளியிலிருந்து எருசலேம் மலைக்கு ஏறும் வழியைக் காப்பவை இரண்டு பெத்தொரோன்களும். யோசுவா எமோரியரைத் துரத்தியது அந்த இறக்கத்தில்தான். பிற்பாடு சாலொமோன் அவற்றுக்கு மதிலும் கதவும் தாழ்ப்பாளும் போட்டான். பெயித் ஊர் அல்-பவ்கா, பெயித் ஊர் அல்-தஹ்தா என்று மேலூர், கீழூராக இன்றும் இரண்டும் இருக்கின்றன. அவளுடைய அண்ணன் தம்பிகளில் சிலர் காத்தூராரின் ஆடுமாடுகளைப் பிடிக்கப் போய் வெட்டுப்பட்டுச் செத்தார்கள் என்பது அதே அதிகாரத்துச் செய்தி. அதற்கு மட்டும் இரண்டு மூன்று வசனம் ஒதுக்கியிருக்கிறது.

யாபேசைச் சொல்லாமல் விட்டால் வாசகர் விடமாட்டார்கள். ஒன்று நாளாகமம் நான்கில், அப்பா பெயரும் இல்லாமல் பிள்ளை பெயரும் இல்லாமல் திடீரென்று நுழைந்து, எல்லையைப் பெரிதாக்கும்படி ஒரு ஜெபம் பண்ணி, கேட்டதைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறான். இரண்டே வசனம். அதை வைத்து 2000-இல் அமெரிக்காவில் புரூஸ் வில்கின்சன் எழுதிய சிறு புத்தகம் பல லட்சக்கணக்கில் விற்றது. நம் ஊரில் அந்த ஜெபம் சுவர் காலண்டரிலிருந்து வேன் கண்ணாடி வரை ஒட்டியிருக்கிறது. பெயர் வரிசைக்குள் அவன் எப்படி நுழைந்தான் என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. இரண்டு அதிகாரம் முன்னால், யாபேஸ் என்ற ஊரில் குடியிருந்த கணக்கர் குடும்பங்களைப் பற்றி ஒரு வரி வருகிறது. பட்டியல் எழுதுகிறவர்களே குடியிருந்த ஊர். தங்கள் ஊர்ப் பெரியவரைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சேர்க்க அவர்களுக்குச் சிபாரிசு வேண்டியிருந்திராது.

நான்காவது வகையே இந்நூலின் நடு. உடன்பிறந்தாள் என்ற உறவைத் தவிர வேறொன்றும் சொல்லப்படாத பெண்கள். பதிவேட்டில் ஆண் பெயர் நிற்பதற்குக் காரணம் உண்டு. சொத்து, பட்டம், ஊர், ஏதாவது ஒன்று. இவர்கள் பெயரால் யாருக்கும் ஒரு காணி நிலம் கிடைக்கப் போவதில்லை. எழுதியவன் கை ஏன் அங்கே நின்றது என்று கேட்டவர்கள் கதை சொல்லத் தொடங்கினார்கள்.

நாமாளை எடுத்துக்கொள்வோம். லாமேக்கின் பிள்ளைகளில் யாபால் கூடாரவாசிகளுக்கும் மந்தை மேய்ப்பவர்களுக்கும் தகப்பன். யூபால் இசைக்கருவி வாசிப்போருக்கு. தூபால்காயீன் பித்தளை, இரும்பு வேலைக்காரருக்கு ஆசான். மூன்று தொழிலையும் அண்ணன்மார் பங்கிட்டுக்கொண்டபின், தூபால்காயீனுடைய சகோதரி நாமாள் என்று முற்றுப்புள்ளி. அவள் நோவாவின் மனைவி, நற்செயல் உடையவள் என்று ஆதியாகம மித்ராஷில் ஒரு ரபி சொன்னார். அப்படியானால் வெள்ளத்துக்குப் பிறகு பிறந்த நாம் எல்லாரும் அவள் பேரப்பிள்ளைகள். மற்ற ரபிமார், இல்லை, அவள் விக்கிரகங்களுக்கு முன் தம்பட்டம் அடித்துப் பாடினவள் என்றார்கள். பின்னால் வந்த சோகார் அவளைப் பேய்களின் தாயாக்கிவிட்டது. வினையிலிப் பெயராக விட்டால் ஊர் இப்படித்தான் வினை வைக்கும்.

திம்னாள் கதை இன்னும் சிக்கல். ஓரியர் தலைவன் லோத்தானின் சகோதரி, ஏசாவின் மகன் எலீப்பாசுக்கு மறுமனையாட்டி, அமலேக்கைப் பெற்றவள். அதே அதிகாரத்தின் கடைசியில் திம்னா என்ற பெயரில் ஒரு பிரபு வருகிறான். ஒன்று நாளாகமத்துக்குப் போனால் அவள் எலீப்பாசின் பிள்ளைகளோடு பிள்ளையாக, அமலேக்குக்கு அண்ணன் போல, வரிசையில் நிற்கிறாள். ஒரே பெயர், சகோதரி, மறுமனையாட்டி, மகன், பிரபு. மனாசே சிரித்ததில் ஆச்சரியம் இல்லை.

தால்மூது அவனுக்குத் தந்த விடை இது. திம்னாள் அரச குடும்பத்துப் பெண். ஆபிரகாமின் மார்க்கத்தில் சேர விரும்பி வந்தாள். ஆபிரகாம் ஏற்கவில்லை, ஈசாக்கும் ஏற்கவில்லை, யாக்கோபும் ஏற்கவில்லை. வேறொரு ஜாதியில் ராணியாக இருப்பதைவிட இந்த ஜனத்தில் வேலைக்காரியாக இருப்பது மேல் என்று எலீப்பாசிடம் போனாள். அவள் பெற்ற அமலேக்கின் சந்ததி இஸ்ரவேலைத் தலைமுறை தலைமுறையாக வதைத்தது. அவளைத் தள்ளியிருக்கக் கூடாது. இதைச் சொல்வது இஸ்ரவேலரின் எதிரிகள் அல்ல, அவர்களுடைய ரபிமாரே. மூன்று முற்பிதாக்களையும் ஒரு மறுமனையாட்டிக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். மைமோனிதேசு சட்டம் படித்தவர், வேறு விதமாகச் சொன்னார்: அமலேக்கை அழிக்கச் சொன்ன கட்டளை அவன் சந்ததிக்கு மட்டும்தான், ஏசாவின் மற்றப் பிள்ளைகளைத் தொடக் கூடாது, எல்லைக்கோடு தெரிய வேண்டும் என்பதற்காகவே தாய் பெயர் எழுதப்பட்டது. ஒரு பெண்ணின் பெயரால் ஒரு கூட்டம் உயிர் தப்புகிறது என்றால் மோசே மை செலவழித்தது வீண் அல்ல.

செராக்கு ஆசேரின் மகள். எகிப்துக்குப் போன எழுபது பேரில் இம்னா, இஸ்வா, இஸ்வி, பெரீயா என்ற நால்வருக்குச் சகோதரியாக அவள் பெயர் வருகிறது. பல தலைமுறை கழித்து, வனாந்தரத்தில் மோசே எடுத்த கணக்கிலும் ஆசேரின் மகள் பெயர் வருகிறது. போனவர்களின் பட்டியலிலும் இருக்கிறாள், வந்தவர்களின் பட்டியலிலும் இருக்கிறாள். நம்மைப் போன்றவர்கள் எழுதியவர் பழைய ஏட்டைப் பார்த்துப் பெயர்த்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போவோம். ரபிமார் அப்படி விடவில்லை. இரண்டு இடத்திலும் இருந்தால் இடையிலும் உயிரோடு இருந்திருக்க வேண்டும், ஆகவே அவள் சாகவில்லை என்று முடிவு கட்டினார்கள். முடிவு கட்டியபின் அவளுக்கு வேலை கொடுக்க வேண்டுமே. யோசேப்பு உயிரோடிருக்கிறான் என்ற செய்தியைக் கிழவர் யாக்கோபு அதிர்ச்சியில் விழுந்துவிடாதபடி யாழ் மீட்டிப் பாட்டாகச் சொன்னவள் அவள். யோசேப்பின் பெட்டியை எகிப்தியர் நைல் நதியில் எந்த இடத்தில் இறக்கினார்கள் என்று மோசேக்குக் காட்டினவள் அவள். தாவீதின் காலத்தில் ஆபேல் நகரத்து மதிலில் நின்று யோவாபோடு வாதாடி ஊரைக் காப்பாற்றிய, பெயர் சொல்லப்படாத புத்திசாலிப் பெண்ணும் அவளே.

உச்சம் இன்னொன்று. செங்கடல் பிளந்தபோது தண்ணீர்ச் சுவர் எப்படி இருந்தது என்று ரபி யோகனான் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பின்னல் தட்டி போல இருந்தது என்றார். ஒரு கிழவி எட்டிப் பார்த்து, நான் அங்கே இருந்தேன், அப்படி இல்லை, ஒளி ஊடுருவும் சாளரங்கள் போல இருந்தது என்று திருத்தினாள். விரிவுரையாளர்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பயம் இருக்க வேண்டும். ஈரான் நாட்டு யூதர்கள் அவள் தங்கள் நாட்டுக்கு வந்ததாகவே நம்பினார்கள். இஸ்பஹான் அருகே பீர் பக்ரானில் அவள் பெயரால் ஒரு புனிதத் தலம் இருக்கிறது, யாத்திரை போவார்கள்.

ஐந்தாவது, பிழையிற் பிறந்தோர். பிழையிற் பிறந்து பிழைத்துக்கொண்டோர் என்றும் கூறுப. சாமுவேலின் மூத்த மகன் யோவேல், இளையவன் அபியா என்று சாமுவேல் புத்தகம் சொல்கிறது. ஒன்று நாளாகமத்தில் யாரோ ஒருவர் படியெடுக்கையில் யோவேலைத் தவறவிட்டார். இரண்டாமவன் என்ற பொருளில் அடுத்து நின்ற எபிரெயச் சொல் முதற்பிள்ளையின் பெயராக ஏறி அமர்ந்துவிட்டது. வஸ்னி. இப்படி ஒருவன் பிறந்ததே இல்லை. நம் பழைய மொழிபெயர்ப்பில் இன்றும் அவன் சாமுவேலின் தலைப்பிள்ளை. லூக்காவில் அர்பக்சாத்துக்கும் சாலாவுக்கும் நடுவில் நிற்கும் காயினான் இன்னொருவன். எபிரெய ஆதியாகமத்தில் அவன் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பில் இருக்கிறான், 130 வயதில் பிள்ளை பெற்று மேலும் 330 ஆண்டு இருந்தான். அடுத்து வரும் சாலாவுக்கும் அந்த மொழிபெயர்ப்பில் அதே 130, அதே 330. பக்கத்து மாணவன் விடைத்தாளைப் பார்த்து எழுதியதைப் பிடிக்க ஆசிரியர்கள் பார்ப்பது இதைத்தான்.

ஆறாவது, ஒழிந்தோர். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் யூதாவை ஆண்டார்கள். மத்தேயு மூவரையும் தாண்டிவிடுகிறார். பதினாலு வர வேண்டும், அவ்வளவே. அரியணை இல்லாத ஆசோருக்கு அங்கே இடம் உண்டு, அரியணையில் இருந்த அமத்சியாவுக்கு இல்லை. ரூத்தின் புத்தகத்தில் வருபவனோ தானாகவே ஒழிந்தவன். ரூத்தை மணக்கும் உரிமை போவாசைவிட நெருங்கிய உறவினன் ஒருவனுக்கு இருந்தது. வயலை வாங்கச் சம்மதித்தான். கூடவே விதவையையும் கட்டி, செத்தவன் பெயரை நிலைநிறுத்த வேண்டும் என்றதும், என் சுதந்தரம் கெட்டுப்போகும் என்று பின்வாங்கினான். புத்தகம் அவன் பெயரைச் சொல்ல மறுக்கிறது, போவாஸ் அவனை ஓய் என்றுதான் கூப்பிடுகிறார். அதே அதிகாரம் பேரேசிலிருந்து தாவீதுவரை பத்துப் பெயர் எழுதி முடிகிறது.

புறனடை

கூறிய வகையுள் அடங்கா தோரைக்
கூறா தொழியினும் குற்றம் இலவே.

குற்றம் இல்லையென்றாலும் ஒருவனைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எரமெயேலின் வம்சத்தில் சேசான் என்பவனுக்கு மகள்கள்தான், மகன் இல்லை. (மூன்று வசனம் முன்னால் அவனுக்கு ஒரு பிள்ளை இருப்பதாக எழுதியிருக்கிறது, உரையாசிரியர்கள் அந்தப் பிள்ளையை மகளாக்கிச் சமாளிப்பர்.) அவனிடம் யர்கா என்ற எகிப்திய அடிமை இருந்தான். சேசான் மகளை அவனுக்கே கட்டிக்கொடுத்தான். யூதாவின் அட்டவணை, அரசனாகாத எந்தக் கிளையையும் இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பின்தொடர்வது அருமை: அத்தாயி, நாத்தான், சாபாத், எப்லால், ஓபேத், ஏகூ, அசரியா, ஏலேஸ், எலெயாசா, சிஸ்மாய், சல்லூம், எக்கமியா, எலிசாமா. பதின்மூன்று தலைமுறை. ஒருவரைப் பற்றியும் ஒரு குறிப்பு இல்லை. யர்காவின் தகப்பன் பெயரும் இல்லை.

எலிசாமா என்பவன், அல்லது அவன் மகன், பட்டியல் எழுதுகிறவரின் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பர்சிலா வீட்டாரைப் போல் தேடித் தேடிக் கிடைக்காமல் திரும்பவில்லை. அடிமையிலிருந்து தொடங்கி ஒரு பெயர் விடாமல் ஒப்பித்திருக்கிறான். யூதாவின் கோத்திரத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது பாட்டி வழியாக வந்தது என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். எழுதுகிறவரும் எகிப்தியன் என்பதையும் அடிமை என்பதையும் வெட்டாமல் அப்படியே எழுதிக்கொண்டு, அடுத்து நின்ற காலேபின் வம்சத்தாரைக் கூப்பிட்டார்.